மேயர் போட்ட கையெழுத்து

"ரொட்டி தீர்ந்துபோச்சு, மேயர் ஐயா," என்றாள் ஒடில். அவள் முதுகுக்குப் பின்னால் சுடச்சுட இருபது ரொட்டிகள் அடுக்கியிருந்தன.

மேயர் ஃபெர்னான் லக்கோம்ப் அந்த ரொட்டிகளை எட்டிப் பார்த்தார். இருபது வருஷமாக மேயர். இன்று ரொட்டிக் கடையில் மானம் போகிறது.

அதிபர் தேர்தலில் நிற்க ஒருவருக்கு ஐந்நூறு கையெழுத்து வேண்டும். மேயர் மாதிரிப் பதவியில் இருப்பவர்கள்தான் போட முடியும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று பட்டியலும் வெளியாகிவிடும். நேற்று வந்த பட்டியலில், ப்ரூனேவுக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் லக்கோம்ப் பெயரும் இருந்தது.

ப்ரூனே வாயைத் திறந்தால் வசவுதான். ஏழைகளைத் திட்டுவான், பிழைக்க வந்தவர்களைத் திட்டுவான், பேட்டி எடுக்க வந்தவளையும் திட்டுவான். அவன் பெயரைச் சொன்னாலே ஊர் முகம் சுளிக்கும்.

"அந்த ஆளுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"நான் அவனுக்கு ஓட்டுப் போடப் போறதில்லம்மா. நிக்கவே விடாம தடுக்கிறது நியாயமில்லன்னு போட்டேன். நிக்கட்டும், நீங்க தோக்கடிங்க. அம்பத்தெட்டுல எங்கப்பா மேயரா இருந்தப்ப, ஜனங்க இல்ல, அவரை மாதிரிப் பதவியில இருந்தவங்கதான் அதிபருக்கே ஓட்டுப் போட்டாங்க. அப்பகூட யாரும் அவருக்கு ரொட்டி இல்லேன்னு சொல்லல."

"உங்கப்பா மானஸ்தர்."

வரிசையில் நின்ற கசாப்புக் கடை ரெமி உச்சுக் கொட்டினான். "வெளியூர் போனா நம்ம ஊர்ப் பேரைச் சொல்லவே கூசுது."

அதோடு விடவில்லை. மேயர் ராஜினாமா செய்ய வேண்டும் என்று ஒடில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள். தொண்ணூறு பேர் ஊரில் எண்பது கையெழுத்து. "தேர்தல் முடியட்டும், எழுதிக் குடுத்துடறேன்," என்றார் மேயர்.

தேர்தல் நாளான ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஓட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். வழக்கம்போல ஊர்க்காரர்களே எண்ணினார்கள். ஓட்டுச் சீட்டு இருந்த உறையை ரெமி பிரிக்க, சீட்டில் இருந்த பெயரை ஒடில் உரக்கப் படித்தாள்.

"ப்ரூனே."

கூட்டம் திரும்பி மேயரை முறைத்தது.

"ப்ரூனே."

மறுபடியும் முறைத்தது.

"ப்ரூனே."

பத்தாவது சீட்டுக்குப் பிறகு யாரும் மேயர் பக்கம் திரும்பவில்லை. ரெமி உறையைப் பிரிப்பதிலேயே கண்ணாக இருந்தான். ஒடில் படிக்கும் சத்தம் குறைந்துகொண்டே போனது.

மொத்தம் எழுபத்தொன்பது ஓட்டு. ப்ரூனேவுக்கு அறுபத்தொன்று.

மேயர் சட்டைப் பையிலிருந்து ராஜினாமாக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இப்பவும் இது வேணுமா ஒடில்?"

ஒடில் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பின்னே? எல்லாம் உங்களால வந்ததுதானே. நீங்க கையெழுத்துப் போடாம இருந்திருந்தா, நாங்க ஏன் அவனுக்கு ஓட்டுப் போடப் போறோம்?"