பழைய மருந்தே

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கார்குழலியின் நெஞ்சில் வைக்கவில்லை. தொண்டைக்குழிக்குக் கீழே வைத்து வெகுநேரம் கேட்டார்.

பிறகு ஸ்கேன் படத்தைக் காட்டினார். மூச்சுக்குழாய்க்குள் கட்டி. முக்கால் வழியை அடைத்திருந்தது.

இது ஆஸ்துமா இல்லை, என்றைக்கும் ஆஸ்துமாவாக இருந்ததும் இல்லை என்றார்.

கார்குழலி என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. நாலு வருஷமாக இழுப்பு. கம்பெனித் தூசுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

இன்றே சேர்க்க வேண்டும் என்றார். முழுதாக எடுக்க முடியுமா என்பது குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியுமாம். முன்னாலேயே வந்திருந்தால் இந்தச் சந்தேகமே இருந்திருக்காதாம்.

மாதாமாதம் மருந்து வாங்கியிருக்கிறீர்களே, யாரும் உடம்பைச் சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டார்.



கார்குழலிதான் பதில் சொன்னாள். மூச்சிரைக்க, ஆனால் பெருமையாக.

“எங்க அக்கா மருந்து வாங்குற அந்த க்ளினிக்லதான் சார் டோக்கன் குடுக்குறாங்க. என்னைய ஒருநாள்கூட கூட்டத்துல உக்கார வச்சதில்ல. மருந்து வீட்டுக்கே வந்துடும்.”

அந்த அக்கா நான்தான்.

முதல் தடவை எங்கள் டாக்டர் அவளைப் பார்த்தார். அதற்கப்புறம், அறுபது பேர் கூட்டத்தில் அவள் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று, டாக்டர் கையெழுத்துக்குப் போகும் மருந்துச் சீட்டுகளோடு அவள் சீட்டையும் செருகிவிடுவேன். ‘பழைய மருந்தே’ என்று நானே எழுதுவேன். சொந்தக்காரிக்கு இதுகூடச் செய்ய முடியாதா என்ற மிதப்பு.

இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை அக்கா என்பாள். நீ சரியாக இழுப்பதில்லை என்று திட்டுவேன், நானே டாக்டர் மாதிரி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வெளியே அட்மிஷன் கவுண்டரில் வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. கார்குழலி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“அக்கா, இங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?”

இல்லை, வரிசையில்தான் நிற்க வேண்டும் என்றேன்.

நாலு வருஷத்தில் அவளிடம் நான் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.