கெளுத்தி குத்திய விரல்

பால்சாமி இரண்டு செட் கிதார்க் கம்பிகளைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் எடுத்து வைத்தார்.

ஒன்று கெட்டி. ஒன்று மெல்லிசு.

பாக்கர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்க்கலாம். மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். கம்பியில் எதைத் தூக்கிப் பார்ப்பது?

கீழக்கரையில் பஸ் ஏறும்போதே அவனுக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான். போன தடவை வாங்கிய கம்பி விரலை அறுத்தது. இந்தத் தடவை அறுக்கக் கூடாது.

இராமநாதபுரத்தில் அந்தக் கடைக்கு ஆர்மோனியத்துக்கும் ஜால்ராவுக்கும் ஆள் வருவார்கள். கிதார்க் கம்பி கேட்டு வருகிறவன் அவன் ஒருவன்தான். அதனால் பால்சாமிக்கு அவன் மேல் தனி மரியாதை. பாக்கருக்கு அந்த மரியாதையைக் கண்டால்தான் பயம்.

பயந்தது போலவே பால்சாமி சுவரில் தொங்கிய பழைய கிதாரை இறக்கினார். "ரெண்டுலயும் ஒரு கம்பி மாட்டித் தாரேன் பாய். வாசிச்சுப் பாத்தே எடுங்க. நானும் ஒரு நாள் கேட்ட மாதிரி இருக்கும்."

பாக்கர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

தனியாக இருந்தால் ஏதாவது சொல்லி நழுவியிருப்பான். அரிக்கன் விளக்குக்குச் சிமினி வாங்க வந்த எதிர்வீட்டுச் சீனி முகம்மது, அவன் கடைக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"எங்க தெரு மாப்புளைய என்னான்னு நெனச்சீக? அஸர் தொழுதுட்டு வந்தா, இவுக கிதாரைக் கேட்டுக்கிட்டுத்தான் நாங்க டீயே குடிக்கிறது!"

கீழக்கரையில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். பாக்கர் ஒரு டிரங்குப் பெட்டியோடு அந்த வீட்டுக்குள் போன அதே வாரம், ஜன்னல் வழியே கிதார் கேட்கத் தொடங்கியது. புதிதாக வந்தது மாப்பிள்ளை. புதிதாக வந்தது சத்தம். தெரு அதற்கு மேல் யோசிக்கவில்லை. டீக்கடையில் பாராட்டினார்கள். பாக்கர் தலையைக் குனிந்துகொண்டான். என்ன அடக்கம் என்று அதையும் பாராட்டினார்கள்.

மறுத்துச் சொல்ல முதல் நாள் ஒரு சந்தர்ப்பம் இருந்தது. அப்போது அவன் வாய் நிறைய ஓசி வடை இருந்தது.

இப்போது அந்தக் கிதார் மடிக்கு வந்தால் எல்லாம் போயிற்று. எந்தக் கையால் அழுத்துவது, எந்தக் கையால் மீட்டுவது என்பதுகூட அவனுக்குச் சட்டென்று நினைவுக்கு வராது.

ஆனால் பாக்கர் எதையும் முன்யோசனையோடு செய்கிறவன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒரு விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றியிருந்தான். கேட்டால் என்ன சொல்வது என்றும் தீர்மானித்திருந்தான். அரிவாள்மனை என்றால் ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். கதவிடுக்கு என்றால் யாரும் இரக்கப்பட மாட்டார்கள்.

"கெளுத்தி முள்ளு குத்திருச்சு," என்று விரலைத் தூக்கிக் காட்டினான்.

கடற்கரைக்காரனிடம் கெளுத்திக்கு மேல் பேச்சு கிடையாது. சீனி முகம்மது தனக்கே குத்தியது போல 'ஸ்ஸ்' என்றார்.

"வெசமுல்ல அது! எங்க மச்சானுக்குக் குத்தி, நோம்பு முழுக்கக் கையைத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு."

பால்சாமியே கம்பிகளைத் தட்டினார். முதலில் கெட்டி. பிறகு மெல்லிசு.

பாக்கர் கண்ணை மூடிக்கொண்டான். வித்வான்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று கேள்வி. ஆனால் இரண்டாவது கம்பி அதிர்ந்தபோது, மூடிய கண்ணுக்குள் நிஜமாகவே அந்த ஜன்னல் வந்தது. சாயங்கால வெயில் வந்தது.

"இது," என்றான்.

"ஒத்தத் தட்டுல சொல்லிட்டாக, பாத்தீகளா!" என்றார் சீனி முகம்மது.

திரும்பும் பஸ்ஸில் அவர் கண்டக்டரிடம் சொன்னார். முன் சீட்டுக்காரர்களிடம் சொன்னார். இறங்கி, டீக்கடையிலும் சொன்னார்: "பாவம், மாப்புளைக்குக் கெளுத்தி குத்திருச்சு. இனி கொஞ்ச நாளைக்குக் கிதார் கேக்காது." பாக்கர் பக்கத்தில் நின்று விரலை ஊதிக்கொண்டான். போதாதென்று முகத்தையும் சுளித்தான்.

தப்பித்தாயிற்று என்று வீட்டுக்குள் நுழைந்தான்.

குல்சும் பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டு, கிதாரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கொழும்பில் வளர்ந்து, கல்யாணத்துக்கு அதையும் தூக்கிக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்தவள். தெரு ஆளை மாற்றிப் பேசுகிறது என்று அவன் வந்து சொன்னபோது, "இருக்கட்டும் மச்சான். பேரு உங்களுக்கு, வாசிப்பு எனக்கு" என்று சிரித்தவள்.

புதுக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். ஓலைக் கொட்டான் முடைந்து காய்த்துப்போனவை என்று பக்கத்து வீட்டு ஜுனைதா சித்தி நம்பிக்கொண்டிருக்கும் விரல் நுனிகளால் மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"அறுக்கல," என்றாள். முகம் மலர்ந்திருந்தது.

பிறகுதான் அவன் விரல் துணியைப் பார்த்தாள். பாக்கர் கடையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். அவளும் சிரித்துச் சிரித்துக் கேட்டாள். பஸ் வரைக்கும் சிரித்தாள். டீக்கடை வந்ததும் சிரிப்பு நின்றது.

ஜன்னலுக்கு வெளியே அஸர் தொழுதுவிட்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

மீட்டப் போன கையைக் குல்சும் கம்பிகளின் மேல் அப்படியே படிய வைத்தாள், ஒன்றுகூடச் சத்தம் போடாதபடி.

"கெளுத்தி குத்துனா ஆற எத்தனை நாளாகும், மச்சான்?"