விளக்கின் விளிம்பில்

சிசேரியனுக்கு மருத்துவர் சொன்ன மூன்று தேதிகளில் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தது ஜெசிந்தாதான். "நோவெடுத்துப் பெத்தாத்தான், மக்களே, பிள்ளைமேல பாசம் ஒட்டும்" என்று அம்மா கடைசிவரை சொல்லிப் பார்த்தாள்.

"மூத்தவனுக்கு ரெண்டு நாள் நோவெடுத்தேன். கடைசியில மயக்க மருந்து குடுத்து அறுத்தாவ. அவன் பிறந்ததே நீ சொல்லித்தானேம்மா எனக்குத் தெரியும்? இந்தப் பிள்ளைய நான் முழிச்சிருந்து பெறப்போறேன்" என்றாள் ஜெசிந்தா.

புதன் காலையில் தலையைப் பின்னிக்கொண்டு, மேசைவரை தானே நடந்து போய் ஏறிப் படுத்தாள். முதுகில் ஊசி போட்டதும் கால்கள் வேறு யாருடையவையோ ஆகிவிட்டன. நெஞ்சருகே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். ஆனால் மேலே தொங்கிய பெரிய விளக்கின் எஃகு விளிம்பில் எல்லாம் கண்ணாடிபோல் தெரிந்தது. கையுறை போட்ட விரல்கள், சிவப்பு, நகத்தளவு மின்னும் கத்தி. அது தன் வயிறுதான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

அவள் பார்வை போகும் இடத்தை மருத்துவர் கவனித்துவிட்டார். "பயமா இருக்கா? விளக்கைத் திருப்பிடவா?"

"வேண்டாம் டாக்டர். அப்படியே இருக்கட்டும்."

வலி இல்லை. அரிசிப் பானைக்குள் யாரோ கைவிட்டுத் துழாவுவதுபோல் மட்டும் இருந்தது. விளிம்பின் வளைவில் ஒரு கருத்த தலை எழுந்தது, பிறகு ஒரு தோள். அழுகை அதற்கும் பிறகுதான் வந்தது.

"என்ன பிள்ளைன்னு கேக்கவே இல்லையே?" என்றாள் செவிலி.

"பொறுங்கக்கா" என்றாள் ஜெசிந்தா, கண்ணை எடுக்காமல். "பிள்ளை இப்பந்தான் இங்கோட்டுத் திரும்புது."