துணைக்குப் போனவள்

"இந்தப் பொண்ணைச் சும்மா விடப் போறதில்ல." வெளித் தேர்வாளராக வந்திருந்த டாக்டர் மூரியல் ஹாத்தர்லி தீசிஸை மேசைமேல் தொப்பென்று போட்டார். கூட இருந்த உள்ளூர்த் தேர்வாளர் தேநீர்க் கோப்பையோடு நைசாக ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

கேம்பிரிட்ஜ் முழுக்கத் தெரிந்த பகை. தீசிஸ் எழுதிய மாணவி ஹெஸ்டரின் கைடு பேராசிரியர் பென்ஹாலோதான் மூரியலை லேபிலிருந்து துரத்தியவர். அந்த ஆத்திரம் இன்றைய வாய்மொழித் தேர்வில் மாணவி தலையில் விடியும், பட்டம் அம்பேல் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"போயும் போயும் இந்தம்மாவா எக்ஸ்டெர்னல்? யார் பார்த்த வேலைடி இது?" என்று வாசல்வரை வந்த சிநேகிதி கேட்டாள். ஹெஸ்டர் பதில் சொல்லாமல் உள்ளே வந்திருந்தாள்.

"ஷாப்பரோன். பேர் எங்கேர்ந்து வந்தது?" மூரியல் முதல் கேள்வியைப் போட்டார்.

"முதல்ல அது பிரெஞ்சுல முக்காடு, மேடம். அப்புறம், கல்யாணமாகாத பொண்ணுங்க நடனத்துக்குப் போனா துணைக்குப் போற அம்மாவுக்கு அந்தப் பேர். பொண்ணு கண்டவனோட ஒட்டிக்காம பார்த்துக்கணும்."

"புரதத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"புரதமும் சரியா மடிஞ்சு உருவம் எடுக்கறதுக்குள்ள கண்டதோட ஒட்டிக் கெட்டுப்போகும். அதைக் காப்பாத்தற இன்னொரு புரதம்தான் ஷாப்பரோன். வேலை முடிஞ்சதும் விலகிடும்."

"இதையே சொல்லித்தான் உன் கைடு என்னை வெளியே அனுப்பினார். 'நீ ஷாப்பரோன் மூரியல், வேலை முடிஞ்சுது, விலகு'ன்னு. அவர் கண்டுபிடிச்ச ஷாப்பரோன் எதையும் காப்பாத்தலேன்னு நான் சொன்னதுதான் குத்தம். பொறாமைக்காரின்னு பேர் வாங்கினேன். இன்னிக்கும் வயிறு எரியுது."

ஹெஸ்டர் தலைகுனிந்தபடி இருந்தாள். மூரியல் தீசிஸைப் புரட்டினார்.

"மூணாம் அத்தியாயத்துல நீயும் அதையேதான் நிரூபிச்சிருக்கே. ஓட்டையே இல்ல. அவர் புகழ் மொத்தமும் காலி. இதை எப்படி விட்டார்?"

"அவர் படிக்கல மேடம். சரின்னு கையெழுத்து மட்டும் போட்டார்."

உள்ளூர்த் தேர்வாளருக்குப் புரையேறியது.

"பாஸ். ஒரு கமாகூட மாத்தாதே. அப்படியே வெளியே வரட்டும்." மூரியல் தீசிஸை மூடினார். "பாவம், என் பழியைத் தீர்க்க வந்து மாட்டினியே. உனக்கு இதெல்லாம் தெரியாது."

ஹெஸ்டர் நிமிர்ந்தாள். "என் கண்டுபிடிப்பு ஒண்ணை அவர் தன் பேர்ல போட்டுக்கிட்டார். உங்களை எக்ஸ்டெர்னலா கேட்டு வாங்கினதே நான்தான், மேடம்."