யாரை அம்மா என்பான்?

"உங்க ரெண்டு பேர்ல இவன் யாரை அம்மான்னு கூப்பிடுவான்?"

வந்து இவ்வளவு நேரமாகியும் குழந்தையைக் கையிலிருந்து இறக்காமலே கேட்டாள் யமிலா.

அடுப்படியில் மாவைத் தட்டிக்கொண்டிருந்த நொயெமி திரும்பினாள். மழை பிடித்துக்கொண்டால் மொந்தெவிதேயோவில் வீட்டுக்கு வீடு ரொட்டி பொரியும். இங்கேயும் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"உன்னைத்தான். எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும்."

அந்தப் பதில் யமிலாவுக்குப் பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. 'குழந்தைக்கு வளர்ப்பு வீடு கிடைத்துவிட்டது' என்று சொல்லி அழைத்துவந்த அதிகாரி, வாசலோடு போய்விட்டார். பெண்ணும் பெண்ணுமாகக் குடும்பம் நடத்தும் வீடு என்று கேள்விப்பட்டதிலிருந்தே, ஏதாவது குறை கண்டுபிடித்துப் பிள்ளையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றிருந்தாள் அவள்.

குறைதான் அகப்படவில்லை. பஸ் ஓட்டும் சுல்மா அன்றைக்கு லீவு போட்டுவிட்டுத் தொட்டிலுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். தொட்டில் கோணலாக நிற்கிறது என்றாள் நொயெமி.

"பன்னெண்டு வருஷமா உன்கூட இருக்கேன். கோணல் பழகிப்போச்சு."

யமிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை சீரோ வலது பக்கம் படுக்கவே மாட்டான். குளிப்பாட்டும்போது பாட வேண்டும், எந்தப் பாட்டானாலும் சரி. அழுதால் உடனே பாலைக் கொடுத்துவிடக் கூடாது, சில சமயம் பேச்சுத் துணைக்காகவும் அழுவான். இருவரும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்கள்.

சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தூங்கிப்போன பிள்ளையை நொயெமியிடம் நீட்டினாள். முத்தம் கொடுத்தால் விழித்துக்கொள்வான் என்று கொடுக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போனாள்.

"இந்த மழையில எங்கம்மா கிளம்பிட்ட?" என்றாள் சுல்மா.

"விடுதிக்கு." யமிலா வாசற்படியில் நின்றாள். "ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கலாம்ல?"

பெண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுல்மா எழுந்து வந்து அவள் தோளிலிருந்த பையைக் கழற்றினாள்.

"உன்கிட்ட யாருமே சொல்லலையா? வளர்க்கச் சொல்லி நீதிபதி எங்ககிட்ட ஒப்படைச்சது ரெண்டு பிள்ளைங்களை. சின்னதுக்கு நாலு மாசம். பெரிசுக்குப் பதினஞ்சு வயசு, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துல சேர்க்கணும்."