கொசு இல்லாத தெரு

“எழுதிக்கிடுங்கம்மா! மே மாசம் பதினெட்டாம் தேதி. ஆறு கூப்பிடு தூரத்துல ஓடுது. எங்க தெருக் குழாயில காத்துதான் வருது. கொசு மட்டும் மொற தவறாம வருது.”

விடிந்தும் விடியாத வேளையில், தம் வீட்டு வாசலில், சுகாதாரத் துறை ஷம்ஸியாவை மறித்துக்கொண்டு நின்றார் அரிசிக்கடை ஐயம்பெருமாள்.

“கோவப்படாதீங்க அண்ணாச்சி. கொசு அதிகமா இருக்க தெருவுக்குத்தான் மொதல்ல தெனமும் தண்ணின்னு உத்தரவு. மேலப்புதுத் தெருவுக்குக் கெடச்சிருக்கு. உங்க கீழப்புதுத் தெருவுல கொசுவே இல்லன்னுதான் கணக்கு.”

“கொசு இல்லியா?” பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் துடைப்பத்தோடு சிரித்தாள். “அப்ப ராத்திரி பூரா எங்களக் கடிக்கது மேலத்தெருக்காரங்களா?”

ஐயம்பெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் மதுமதி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவள் படுத்திருக்கும் அறையிலேயே தண்ணீர் பிடித்துவைத்த டிரம்கள். குழாய் என்றைக்கு வரும் என்று தெரியாத தெருவில் அவற்றை யார் கவிழ்ப்பார்கள்? டெங்கு வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார்.

அந்தக் கவலையிலும் அவர் தம் விடியற்காலை வேலையை விடவில்லை. காக்கைகள்கூட வாயைப் பிளந்துகொண்டு திரியும் கோடை இது. யாரோ புண்ணியவான்கள் வாசலுக்கு வாசல் நிழல் பார்த்துக் குருவிக்குச் சிறு டப்பாவில் தண்ணீர் வைத்து, அது உட்காரக் குச்சியும் செருகியிருந்தார்கள். வைத்தவர்கள் மறந்துபோனாலும் ஐயம்பெருமாள் மறப்பதில்லை. தெரு எழுமுன் ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவி, தம் வீட்டுக் குடிநீரையே ஊற்றிவைப்பார். செய்த புண்ணியத்தைச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. இன்றும் தெருக்கோடியில் தொடங்கித் தம் வீடுவரை வந்திருந்தார்.

“ஏம்மா, கொசுவ எப்படி எண்ணுவீங்க? தலைய எண்ணுவீங்களா, கால எண்ணி ஆறால வகுப்பீங்களா?”

“பறக்கத எண்ண முடியுமா அண்ணாச்சி? முட்டையத்தான் எண்ணுவோம். டெங்குக் கொசு சாக்கடையத் தேடாது. நிழலும் நல்ல தண்ணியும் இருந்தாப் போதும். தகரக்கூரை வெக்கையில டிரம் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும்லா, முட்டை வெரசலா கொசுவாயிரும்.”

“அப்ப எங்க டிரம்ம வந்து பாருங்களேன்!”

“எல்லாரும் உங்கள மாதிரியா? அடுக்களைக்குள்ள எட்டிப் பாக்கவே விடமாட்டேங்காவ. அதான் வெளியில பொறி வச்சோம். வீடு வீடா சொல்லித்தான் வச்சோம். உங்க வீடு மட்டும் அன்னைக்குப் பூட்டிக் கெடந்துச்சு.”

“பூட்டாம? தண்ணி கேட்டு மனு குடுக்க உங்க ஆபீஸ் வாசல்லதான காஞ்சிட்டுக் கெடந்தேன்! அந்தப் பொறி ரிப்பேரா இருக்கும். எங்க, காட்டுங்க பாப்போம்.”

ஷம்ஸியா கைநீட்டி, அவர் வீட்டுச் சுவரோரம் நிழலில் இருந்த கறுப்பு டப்பாவை எடுத்தாள்.

“இதான் பொறி. பொட்டக்கொசு இந்தக் குச்சியிலதான் முட்டை வைக்கும். பாருங்க, ஒரு பொட்டுகூட இல்ல. போன வாரமும் இப்படித்தான். தெருவுல எல்லாக் குச்சியும் யாரோ தெனமும் நார் போட்டுத் தேச்ச மாதிரி பளபளன்னு இருக்கு!”

ஐயம்பெருமாள் கையிலிருந்த தேங்காய் நாரை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். உள்ளே மதுமதி ‘பட்’டென்று கொசு அடிக்கும் ஓசை கேட்டது. ஒளித்த நாரை முன்னால் நீட்டினார்.

“தாயி, முதல்ல இருந்து எண்ணு.”

வாசகரே, குச்சி செருகிய டப்பா உம் வாசலிலும் இருக்குமானால், கழுவுவதற்கு முன் அது யாருக்கு வைத்தது என்று ஒரு வார்த்தை கேளும்!