பாலியில் பொழுது சாய்கிறது

மணி நாலாகப் போகிறது. ஆரணியில் வெயில் இன்னும் சுள்ளென்று அடிக்கிறது. பின்தெரு விசைத்தறிகளின் சத்தத்துக்கு ஜன்னல் கம்பிகள் அதிர்கின்றன. பட்டுப்புடவை வியாபாரி ஜெயசந்திரனின் போனில் காடெக், கடலோரத்தில் நின்று சிரிக்கிறாள். முப்பதாவது கல்யாண நாளுக்கு அவரும் மனைவி அனந்தம்மாளும் பாலித் தீவுக்குப் போனபோது தங்கிய விடுதியின் சொந்தக்காரி. இவர்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள் என்று தெரிந்த நாள்முதல், மாலையானால் தட்டுகளோடு மணலில் ஓடிவந்தவள். இப்போதும் அங்கே சூரியன் இறங்கும் நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டு விசாரிக்கிறாள். அனந்தம்மாள் கொடுத்துவிட்டு வந்த அரக்குப் பட்டுப்புடவையை இன்று கோணல்மாணலாகச் சுற்றியிருக்கிறாள். அதை அனந்தம்மாளுக்குக் காட்ட வேண்டுமாம். அனந்தம்மாள் இறந்து பதினோரு நாள் ஆகிறது. "சொல்லிடுங்க மாமா. எத்தினி நாளைக்கி மறைச்சிகினு இருப்பீங்க?" என்று கிசுகிசுக்கிறாள் மருமகள் வர்ஷா. அவள் கையில், காலையிலிருந்து அவர் தொடாத சாப்பாட்டுத் தட்டு. ஜெயசந்திரன் மூடியிருக்கும் அறைக்கதவின் பக்கம் போனைத் திருப்பி, தெரிந்த ஆங்கிலத்தில், தூங்குகிறாள் என்கிறார்.

காடெக் சட்டென்று உதட்டில் விரலை வைத்துக்கொள்கிறாள். அவளுக்குப் பின்னால் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. அங்கிருந்த நாட்களில் அனந்தம்மாள் கணவரைக் கூப்பிடக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரே தமிழை, அதே இழுவையோடு, அவரிடம் மெல்லச் சொல்கிறாள்: "ஏங்க, பொழுது போவுது. சாப்ட வாங்க."

திரை இருட்டுகிறது. இங்கே பொழுது சாய இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது.